தீயணைக்கும் வண்டிக்குத் தண்ணீர் தருவது யார்?

நெசவாளிக்கு நூல்; விவசாயிக்கு வைக்கோல். இரண்டும் பாடுபட்டுச் சேர்த்த செல்வம். இரண்டும் ஒரு சிறு பொறிக்கு நாழிகைப் பொழுதில் இரையாகக் கூடியவை. இதனை நம் அங்கத்தினர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. கிடங்கிலே புகைபிடிக்கலாகாது, பழுதான மின்கம்பியைத் தொங்கவிடலாகாது, சரக்கை இன்ஷூர் செய்ய வேண்டும் என்ற அறிவுரைகள் சங்கக் கூட்டங்களில் அடிக்கடி கேட்பவையே. தீப்பிடித்தால் 101 என்ற எண்ணுக்கு உடனே சொல்ல வேண்டும் என்பதையும் இன்று சிறு பிள்ளைகளும் அறிவர். ஆனால் வண்டி வந்த பிறகு அதற்குத் தண்ணீர் எங்கிருந்து வரும் என்ற கேள்வியை மட்டும் நாம் கேட்பதில்லை. அந்தக் கேள்வியை அங்கத்தினர் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தீயணைப்பு வண்டி என்பது வற்றாத ஊற்று என்று ஜனங்கள் எண்ணுகின்றனர். உண்மை வேறு. நம் நாட்டில் வழக்கிலுள்ள தர நிர்ணயப்படி, பெரிய வகை நீர்வண்டி ஒன்றின் தொட்டி 4,500 லிட்டர் கொள்ளும். அதிலுள்ள பம்போ நிமிடத்துக்கு 1,800 லிட்டர் வீதம் இறைக்கும் ஆற்றல் வாய்ந்தது. வகுத்துப் பார்த்தால் விடை இரண்டரை நிமிடம். பம்பு தன் முழு வேகத்தில் ஓடினால் வண்டி கொண்டுவந்த நீர் அவ்வளவில் தீர்ந்துவிடும். சிக்கனமாக ஒரே குழாயில் நிமிடத்துக்கு 450 லிட்டர் வீதம் வீசினாலும் பத்து நிமிடம். இரண்டு குழாய்கள் பிடித்தால் ஐந்தே நிமிடம். ஒரு குடிசையையோ ஒரு கடையையோ தொடக்கத்திலேயே அணைக்க இந்த நீர் போதும். கூரைவரை எட்டிய கிடங்குத் தீக்கு இது போதவே போதாது. வண்டி கொண்டுவரும் தண்ணீர் முதலுதவி. வைத்தியம் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

இதனை அறியாத காரணத்தால், குழாயில் நீர் நின்றதும் கூடி நிற்கும் கூட்டம் தீயணைப்போரை ஏசத் தொடங்குகிறது. “வெறுந்தொட்டியோடு வந்தார்கள்” என்ற பழிச்சொல் ஊரெங்கும் பரவுகிறது. உயிரைப் பணயம் வைத்து உள்ளே நுழைகின்றவர்களுக்கு நாம் அளிக்கும் கைம்மாறு இதுவாக இருத்தல் தகாது. அவர்கள் வெறுந்தொட்டியோடு வரவில்லை. வந்த இடத்தில் நிரப்பிக்கொள்ள நீர் இல்லை. அந்தக் குறை அவர்களுடையதன்று, ஊராருடையது.

சரி, குடம் குடமாகவும் வாளி வாளியாகவும் கொண்டுவந்து ஊற்றலாமே என்று சிலர் கேட்கலாம். நம் முன்னோர் அவ்வாறுதான் செய்தனர். ஆனால் கணக்கைப் பார்ப்போம். இரண்டு குழாய்களுக்கு நிமிடத்துக்கு 900 லிட்டர் வேண்டும். பதினைந்து லிட்டர் வாளியில் இது அறுபது வாளி. அதாவது வினாடிக்கு ஒரு வாளி, இடைவிடாமல். லாரியில் கொண்டுவருவதானால், 12,000 லிட்டர் லாரி ஒன்று பதின்மூன்று நிமிடத்துக்குத்தான் வரும். லாரி காலியாகி, சென்று நிரப்பிக்கொண்டு, திரும்பி வர நாற்பது நிமிடம் ஆகும் என்று வைத்துக்கொண்டால், நீர் அறாமலிருக்க மூன்று லாரிகள் சுழன்றுகொண்டே இருக்க வேண்டும். அந்த லாரியை நிரப்பும் இடத்தில் வீட்டு மோட்டார் ஒன்று நிமிடத்துக்கு அறுபது லிட்டர் வீதம் இறைத்தால், ஒரு லாரி நிரம்பவே மூன்று மணி இருபது நிமிடம் பிடிக்கும். ஆகவே எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பது பாதிக் கேள்வியே. அது எவ்வளவு வேகத்தில் வண்டிக்குள் ஏறும் என்பதே மறுபாதி.

பெருநகரத்துக்கும் இந்தத் தொல்லை உண்டு. 2017-ஆம் ஆண்டு மே 31-ஆம் நாள் அதிகாலையில் சென்னை தியாகராய நகர் உஸ்மான் சாலையில் ‘சென்னை சில்க்ஸ்’ ஜவுளிக் கட்டிடத்தில் பற்றிய தீ, அன்று முழுவதும் எரிந்தது. மறுநாள் விடியுமுன் அடுக்கு மாளிகையின் ஒரு பகுதி சரிந்து வீழ்ந்தது. பல நிலையங்களின் வண்டிகள் வந்தன; குடிநீர் வாரியத்து லாரிகள் சுமந்துவந்த நீர் அவற்றிற்கு ஊட்டப்பட்டது. முந்திய ஆண்டின் வடகிழக்குப் பருவமழை பொய்த்து, நகரம் குடிநீருக்கே தவித்துக்கொண்டிருந்த கோடை அது என்பதை நாம் மறக்கலாகாது. தீ மழைக்காலம் பார்த்து வருவதில்லை. நீர் குறைந்து, காற்று உலர்ந்து, துணியும் ஓலையும் சருகாகக் காய்ந்திருக்கும் காலத்தில்தான் அது மிகுதியும் வருகிறது.

துணித் தீயின் இயல்பையும் நெசவாளர்கள் அறிந்திருப்பது நன்று. பஞ்சுப் பொதியும் நூற்சிப்பமும் மேற்புறம் அணைந்தாற்போலத் தோன்றினாலும் உட்புறம் கனன்றுகொண்டே இருக்கும். வைக்கோற் போரும் அத்தன்மையதே. ஆதலால் சுவாலை அடங்கியவுடன் வேலை முடிந்ததென்று கொள்ளலாகாது. பிரித்து, கிளறி, மீண்டும் மீண்டும் நனைக்க வேண்டும். பம்பாய்த் துறைமுகத்தில் 1944-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ஆம் நாள் நிகழ்ந்த கொடுமை இதற்குச் சான்று. ‘போர்ட் ஸ்டிகைன்’ என்ற கப்பலின் அடித்தளத்தில் பஞ்சுப் பொதிகள் புகைந்தன. நீரை இறைத்தும் தீயின் மூலம் பிடிபடவில்லை. பஞ்சோடு ஏற்றப்பட்டிருந்த வெடிமருந்து வெடித்தது. தீயணைப்போர் அறுபதுக்கு மேற்பட்டவர் மாண்டனர். அவர்களின் நினைவாகவே ஆண்டுதோறும் ஏப்ரல் 14 முதல் 20 வரை நம் நாட்டில் தீத்தொண்டு வாரம் கொண்டாடப்படுகிறது.

இனி நம் வட்டாரத்தைப் பார்ப்போம். செங்கற்பட்டுச் சீமைக்கு ஏரி மாவட்டம் என்ற பெயர் உண்டு. பீர்க்கன்கரணைக்கும் தன் பெயரில் ஓர் ஏரி இருக்கிறது. பக்கத்தில் இரும்புலியூருக்கும் ஏரி இருக்கிறது. முடிச்சூர், பெருங்களத்தூர்ப் பகுதிகள் 2015-ஆம் ஆண்டு டிசம்பரில் வெள்ளக்காடாகக் கிடந்ததை யாவரும் அறிவர். இதே வட்டாரம் 2019-ஆம் ஆண்டுக் கோடையில் குடத்தோடு லாரிக்குக் காத்து நின்றது. அவ்வாண்டு ஜூலையில் சென்னைக்கு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. பேரூராட்சியாக இருந்த பீர்க்கன்கரணை 2021-ஆம் ஆண்டில் தாம்பரம் மாநகராட்சியோடு சேர்ந்தது. வயல்கள் மனைகளாயின, மனைகளில் அடுக்குக் குடியிருப்புகளும் கிடங்குகளும் எழுந்தன. பெருவழிச் சாலையிலோ வண்டி நெரிசல் நாளுக்கு நாள் மிகுகிறது. தொலைவிலிருந்து தண்ணீர் லாரி வந்து சேருவது வரவரக் கடினமாகும். அருகிலேயே நீர் வைத்திருப்பதன் இன்றியமையாமையும் அவ்வளவுக்கு வளரும்.

“ஏரியே இருக்கிறதே, பின் என்ன குறை?” என்று கேட்பார் உளர். கண்ணுக்குத் தெரியும் நீர் எல்லாம் வண்டிக்குக் கிட்டும் நீர் ஆகாது. ஏன் என்பதைச் சற்று விரித்துரைப்போம்.

முதலாவது, ஆழம். வண்டியின் பம்பு கீழிருந்து நீரை இழுப்பது காற்றழுத்தத்தின் துணையால். காற்றழுத்தம் நீரைத் தூக்கக்கூடிய உயரம் கணக்குப்படி பத்து மீட்டர் சொச்சம். நடைமுறையில் சுமார் ஏழு மீட்டருக்குமேல் நம்ப முடியாது. கோடையில் கிணற்று நீர் அதற்கும் கீழே இறங்கிவிட்டால், எட்டிப் பார்த்தால் நீர் மின்னும். வண்டிக்கு ஒரு சொட்டும் ஏறாது.

இரண்டாவது, பாதை. தொட்டி நிறைந்த வண்டியில் நீரின் எடை மட்டுமே நாலரை டன். மழையில் ஊறிய ஏரிக்கரைமேல் அது ஏறினால் புதைந்து நிற்கும். கற்பாவிய தளம் ஒன்று நீரோரத்தில் இருந்தால்தான் வண்டி அணுகவும், திரும்பவும், அடுத்த வண்டிக்கு இடம் விடவும் கூடும். அந்த இடத்தைக் குப்பையும் கடையும் நிறுத்திய வாகனங்களும் அடைத்துக்கொண்டால் ஏரி இருந்தும் இல்லாததே.

மூன்றாவது, அடைப்பு. ஆகாயத்தாமரையும் பிளாஸ்டிக் பையும் மண்டிய நீரில் உறிஞ்சு குழாயை இட்டால் அதன் வாய்ச் சல்லடை அடைபட்டுவிடும். தூர்ந்த கரையோரத்தில் சேற்றையே அது இழுக்கும்.

நான்காவது, மின்சாரம். தீப்பிடித்த தெருவில் மின்சாரத்தை முதலில் நிறுத்திவிடுவர். அவ்வாறு நிறுத்துவதே முறை. அந்தக் கணமே அத்தெருவின் ஆழ்குழாய்க் கிணற்று மோட்டார்கள் அனைத்தும் ஊமையாகும். மின்சார மோட்டாரை மட்டும் நம்பிய தண்ணீர், தீ நேரத்துக்கு உதவாத தண்ணீர்.

ஐந்தாவது, இணைப்பு. இது அற்பமாகத் தோன்றும், அற்பமன்று. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் 1904-ஆம் ஆண்டு பிப்ரவரியில் பெருந்தீ மூண்டபோது வாஷிங்டன் முதலிய அயல் நகரங்களிலிருந்து வண்டிகள் விரைந்து வந்தன. ஆனால் அவற்றின் குழாய் இணைப்புகள் பால்டிமோரின் தெருக்குழாய்களுக்குப் பொருந்தவில்லை. உதவ வந்தவர் பலர் செயலற்று நின்றனர். ஆயிரத்தைந்நூறுக்கு மேற்பட்ட கட்டிடங்கள் அழிந்தன. நம் நாட்டில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்ததும் அதே 1904-ஆம் ஆண்டில்தான். ஒருவர் உதவி மற்றவருக்குப் பொருந்துமாறு முன்னரே அமைத்துக்கொள்வதுதான் கூட்டுறவு என்பதை அத்தீயும் ஒருவகையில் உணர்த்தியது எனலாம். இன்றும் நம் அடுக்குக் குடியிருப்பிலும் ஆலையிலும் பெரிய நீர்த்தொட்டிகள் இருக்கின்றன. வண்டியின் குழாயைப் பூட்டத்தக்க வாய்தான் பலவற்றில் இல்லை.

உலகம் இதனை அடிபட்டே கற்றது. 1940-ஆம் ஆண்டு டிசம்பர் 29-ஆம் நாள் இரவில் லண்டன்மீது குண்டுமாரி பொழிந்தபோது நிலத்தடிக் குழாய்கள் உடைந்தன. தேம்ஸ் நதியிலோ நீர் மிகவும் தாழ்ந்திருந்தது. பெருநதியின் கரையிலேயே தீயணைப்போர் நீரின்றித் தவித்தனர். அதன்பின் இடிந்த கட்டிடங்களின் அடித்தளங்களையே தொட்டிகளாக்கி நீர் தேக்கினர். பூகம்ப நாடான ஜப்பானில் தெருக்குழாயை மட்டும் நம்பாமல் ஊரெங்கும் தீயணைப்புத் தொட்டிகளைக் கட்டிவைக்கின்றனர். அவற்றின் வழக்கமான அளவு 40 கன மீட்டர், அதாவது 40,000 லிட்டர். நிமிடத்துக்கு ஆயிரம் லிட்டர் வீதம் நாற்பது நிமிடத்துக்கு இது போதும். அமெரிக்கக் கிராமங்களிலோ குளத்துக்குள் ஒரு குழாயைப் புதைத்து, அதன் மறுமுனையைச் சாலையோரத்தில் நிறுத்தி வைக்கின்றனர். வண்டி சாலையைவிட்டு இறங்காமலே குளத்து நீரை இழுத்துக்கொள்கிறது. இதில் வியத்தகு விஞ்ஞானம் எதுவுமில்லை. முன்யோசனை ஒன்றே இருக்கிறது.

இங்கே எழக்கூடிய ஆட்சேபங்களையும் நேர்மையோடு எதிர்கொள்வோம்.

“இவையெல்லாம் அரசாங்கமும் மாநகராட்சியும் செய்யவேண்டியவை, சங்கத்துக்கு ஏன் இந்த வேலை?” என்பது முதல் ஆட்சேபம். ஏரியைத் தூர்வாருவதும், கரையில் தளம் அமைப்பதும், தெருக்களில் தீயணைப்புக் குழாய்கள் வைப்பதும் அவர்கள் கடமையே. அதனை வற்புறுத்திக் கேட்பதில் நாம் பின்வாங்க வேண்டியதில்லை. ஆனால் எரிவது நம் நூல். வேகுவது நம் வைக்கோல். அரசாங்கம் செய்யும்வரை தீ காத்திருக்குமா? கடன் கொடுக்க வட்டிக்காரனையே நம்பியிராமல் நாமே சங்கம் கண்டோம். விற்பனைக்குத் தரகனையே நம்பியிராமல் 1935-ஆம் ஆண்டில் கோ-ஆப்டெக்ஸ் கண்டோம். நீர் விஷயத்தில் மட்டும் கையைக் கட்டிக்கொண்டிருப்பது கூட்டுறவாளர்க்கு அழகன்று.

“குடிக்கவே தண்ணீர் இல்லாத கோடையில் தீக்கென்று தேக்கி வைப்பதா?” என்பது இரண்டாவது. இதில் நியாயம் இருக்கிறது. ஆனால் தீக்குக் குடிநீர் வேண்டுமென்று எவரும் சொல்லவில்லை. கிடங்கின் கூரைமேல் விழும் மழைநீர் போதும். மழைநீர்ச் சேகரிப்பு 2003-ஆம் ஆண்டிலேயே தமிழ்நாட்டில் கட்டாயமாக்கப்பட்டது. நூறு சதுர மீட்டர்க் கூரைமேல் நானூறு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது 40,000 லிட்டர். ஐப்பசி, கார்த்திகை மழையில் இதனை நிரப்பிக்கொண்டால் சித்திரைக்கும் வைகாசிக்கும் காவலாக நிற்கும். சுத்திகரித்த கழிவுநீரும் இதற்கு ஆகும். தொட்டியை மூடி வைத்தல் மட்டும் இன்றியமையாதது; இல்லையேல் கொசுவும் பெருகும், குழந்தைகளுக்கும் அபாயம்.

“செலவுக்கு எங்கே போவது?” என்பது மூன்றாவது. பெரிய தொட்டி கட்டச் செலவாகும் என்பது மெய். எனினும் சங்கத்தார் செய்யக்கூடியவற்றில் பாதி பணம் வேண்டாத பணி. கட்டிடத்துக்குப் புதுவர்ணம் பூசவும், ஆண்டுவிழாப் பந்தலுக்கு விளக்கு அலங்காரம் செய்யவும் தீர்மானம் நிறைவேற்றும் பொதுக்குழு, கிடங்கைக் காக்கும் நீருக்கு ஒரு தொகை ஒதுக்கத் தயங்குவது முறையன்று என்பதே நம் உறுதியான கருத்து.

ஆகவே நம் சங்கங்கள் செய்யவேண்டுவன இவை என்று முன்வைக்கிறோம்.

ஒன்று, ஒவ்வொரு சங்கமும் ஒரு நீர்க்குறிப்பேடு வைக்க வேண்டும். கிடங்கைச் சுற்றி அரைக் கிலோமீட்டர் தொலைவுக்குள் உள்ள ஏரி, குளம், கிணறு, தொட்டி ஒவ்வொன்றும் கோடையில் எவ்வளவு நீர் கொண்டிருக்கும், வண்டி அணுகுமா, பூட்டுச் சாவி யாரிடம் என்பவற்றை அதில் எழுதுக. ஒரு பிரதியைத் தாம்பரம் தீயணைப்பு நிலையத்தாரிடம் சேர்ப்பிக்க. இதற்குச் செலவு ஒரு நோட்டுப் புத்தகமே.

இரண்டு, விவசாய அங்கத்தினர் வைத்திருக்கும் ஆயில் என்ஜின் பம்புகளையும், டிராக்டர் இழுக்கும் தண்ணீர்த் தொட்டிகளையும் அவ்வேட்டில் பதிவு செய்ய வேண்டும். மின்சாரம் நின்றபோதும் ஓடுவது இந்த என்ஜின்தான். வயலுக்கு இறைக்கும் பம்பு நெசவாளியின் நூலைக் காக்கும். வைக்கோற் போர் எரியும்போது நெசவாளர் தெருவின் தொட்டி விவசாயிக்கு உதவும். கொண்டுவருபவர்க்கு எண்ணெய்ச் செலவைச் சங்கம் கொடுத்துவிட வேண்டும் என்று முன்னரே தீர்மானித்தால் அந்த நேரத்தில் தயக்கம் நேராது.

மூன்று, சங்கக் கிடங்கின் தொட்டியிலும் பக்கத்துக் குடியிருப்புத் தொட்டிகளிலும் தீயணைப்புத் துறையின் குழாய்க்குப் பொருந்தும் இணைப்பு வாய் ஒன்றைப் பொருத்த வேண்டும். அளவையும் வகையையும் நிலையத்தாரைக் கேட்டே தெரிந்துகொள்க, ஊகத்தில் வாங்கலாகாது.

நான்கு, பீர்க்கன்கரணை ஏரிக்கரையில் வண்டி நின்று நீர் இழுக்கத்தக்க தளம் ஒன்றையும், அதற்குச் செல்லும் தடையற்ற பாதையையும் அமைத்துத் தருமாறு இவ்வட்டாரச் சங்கங்கள் கூடி மாநகராட்சிக்கு மனுச் செய்ய வேண்டும். தனித்தனியே பத்துப் பேர் கேட்பதினும் பத்துச் சங்கம் ஒரே குரலில் கேட்பது வலிமை மிக்கது.

ஐந்து, ஆண்டுதோறும் தீத்தொண்டு வாரத்தில் ஒரு நாள், நிலையத்தாரை அழைத்து, குறிப்பேட்டில் கண்ட நீர் உண்மையில் வண்டிக்குள் ஏறுகிறதா என்று சோதித்துப் பார்க்க வேண்டும். ஏட்டில் இருக்கும் நீர் வேறு, குழாயில் வரும் நீர் வேறு. அவ்வாரம் சித்திரைப் பிறப்பை ஒட்டியே வருகிறது. புத்தாண்டின் முதற் சங்கப் பணியாக இதனைக் கொள்ளலாம்.

தீ நேரத்தில் நம்மவர் நடக்க வேண்டிய முறையையும் ஒரு சொல் சொல்லி வைப்போம். வேடிக்கை பார்க்கும் கூட்டம் தெருவை அடைத்தால் தண்ணீர் லாரி நுழைய முடியாது. இளைஞர் நால்வர் தெருமுனையில் நின்று வழிவிடச் செய்வது, நாற்பது பேர் வாளியோடு ஓடுவதைவிடப் பெரும் உதவி. மின்சாரம் ஓடும் இடத்திலும் எண்ணெய்த் தீயிலும் நீரை ஊற்றலாகாது. வண்டித் தலைவர் கேட்கும் முதற்கேள்வி “தண்ணீர் எங்கே?” என்பதாகவே இருக்கும். அதற்கு விடை சொல்ல ஒருவர், சாவியோடும் குறிப்பேட்டோடும் அங்கே நிற்க வேண்டும். அவர் யார் என்பதை இன்றே முடிவு செய்துவைத்தல் நலம்.

வீடு பற்றி எரியும்போது கிணறு வெட்டலாகாது என்ற பழமொழியை நாம் பிறருக்குச் சொல்லிப் பழகியிருக்கிறோம். நமக்கே அதனைச் சொல்லிக்கொள்ளும் காலம் வந்துவிட்டது. ஒருவர் எல்லோருக்காகவும், எல்லோரும் ஒருவருக்காகவும் என்பது கூட்டுறவின் மூலமந்திரம். பயிருக்கும் தறிக்கும் அதனைக் கைக்கொண்ட நாம், நீருக்கும் கைக்கொள்வோமாக. அடுத்த பொதுக்குழுவின் நிகழ்ச்சி நிரலில் ‘தீயணைப்பு நீர்’ என்ற ஒரு வரியை எழுதும்படி ஒவ்வொரு நிர்வாகக் குழுவையும் கேட்டுக்கொள்கிறோம்.